நெவேனா ஊற்றிய தண்ணீர்

ஸ்பாஸிடம் மகள் எந்த வருஷம் பிறந்தாள் என்று கேட்டால், “கிளட்ச் பிளேட் போன குளிர்காலம்” என்பார். மாமனார் இறந்தது செல்ஃப் மோட்டார் கருகிய வாரம். வீட்டுக்கு ஓடு மாற்றியது, பின்பக்கத்து ஸ்பிரிங்கின் மெயின் பட்டை முறிந்த வருஷம். ஓட்டுக்கு எடுத்து வைத்த பணத்தில் பாதி பட்டறைக்குப் போய்விட்டதால் பாதி வீட்டுக்குத்தான் புது ஓடு. இன்றைக்கும் அந்தக் கூரை இரண்டு நிறத்தில்தான் இருக்கிறது.

பட்டாளத்தில் கழித்துவிட்ட டீசல் லாரி அது. தொண்ணூற்றொன்றில் ஏலத்தில் எடுத்தார். ரோதோப்பி மலைக் காட்டிலிருந்து மரக்கட்டை ஏற்றி, கீழே ரம்ப மில்லில் இறக்குவார். இருபத்திரண்டு வருஷம் இதே வேலை. லாரியை விற்ற பிறகும், வளைவுச் சாலையில் எங்கோ ஒரு பழைய எஞ்சின் முக்கும் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். “மூணாவது கியர்ல போகவேண்டியதை நாலுல போறான், பாவி” என்று முணுமுணுப்பார். அந்த ஏக்கத்துக்கு மருந்து கிடையாது.

அவர் மனைவி நெவேனா தினமும் காலையில் செம்புக் குடத்தில் தண்ணீர் கொண்டுவருவாள். எஞ்சின் சூடாகிக்கொண்டிருக்கும்போதே முன்சக்கரத்தருகே ஊற்றி, “தண்ணி மாதிரி தடங்கலில்லாம போயிட்டு வா” என்பாள். எங்கள் ஊரில் பரீட்சைக்கும் கல்யாணத்துக்கும் பட்டாளத்துக்குப் போகிறவனுக்கும் ஊற்றுவதுதான். தினமும் ஊற்றியவள் இவள் ஒருத்திதான். அவளுடைய அண்ணனும் லாரி ஓட்டியவன். குழாய் உறைந்துபோன ஒரு காலையில் தண்ணீர் ஊற்றாமல் அவனை அனுப்பிவிட்டாள். கணவாயில் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. அதன்பின் காய்ச்சலில் கிடந்தாலும் குடத்தோடு எழுந்து வந்துவிடுவாள். ஊரார் சிரித்தார்கள். ஸ்பாஸ் ஒருநாளும் சிரித்ததில்லை.

2003ஆம் வருஷத்து இலையுதிர் காலம். முழுப் பாரத்தோடு ஏற்றத்தில் போகும்போது முன்பக்கம் ஆவி கிளம்பி லாரி நின்றுவிட்டது. சூடு காட்டும் முள் செத்து வெகுநாளாயிற்று. அதைச் சரிசெய்ய யாருக்கு மனசு வந்தது? கட்டி இழுத்து தோன்ச்சோவின் பட்டறையில் விட்டார்கள். தோன்ச்சோ பிரித்துப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

“வாட்டர் பம்ப் இன்னிக்கு நேத்து ஒழுகலடா. ரெண்டு மாசமா ஒழுகுது. வண்டி நிக்கிற இடத்துல ஈரம் பார்க்கலையா?”

“பார்த்தேன் அண்ணே.”

“பார்த்துட்டு?”

“நெவேனா ஊத்தினதுன்னு நினைச்சேன்.”

ரேடியேட்டருக்கு அடிக்கடி தண்ணீர் விட வேண்டியிருந்ததும் உண்மைதான். வயசான வண்டி, தாகம் எடுக்கிறது என்று இருந்துவிட்டார். தோன்ச்சோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“பம்ப் மட்டும்னா நூத்தைம்பது லெவாவுல முடிஞ்சிருக்கும். இப்போ சூட்டுல எஞ்சின் ஹெட்டே வளைஞ்சுபோச்சு. கடைசல்ல கொடுத்து ஃபேஸிங் பண்ணணும், கேஸ்கெட் மாத்தணும், என் கூலி வேற. அறுநூறுக்குக் குறையாது. உன் பொண்டாட்டி ஊத்தினது நானூத்தைம்பது லெவா தண்ணிடா.”

“இது அவ காதுக்குப் போகக்கூடாது அண்ணே.”

“ஏன், விளக்குமாத்தை எடுப்பாளா?”

“எடுத்தா பரவாயில்லையே. ஊத்தறதை நிறுத்திடுவா. நிறுத்தினா, நான் வீடு திரும்பற வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்கமாட்டா. அவ அண்ணன் போனதே தன்னாலன்னு இருக்கிறவ. இதுவும் சேர்ந்தா தாங்கமாட்டா.”

தோன்ச்சோ சிரிப்பை நிறுத்திவிட்டு, சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றார். சத்தியம் செய்தது காலையில். மாலையில் அவருக்கு ராக்கியா உண்டு. இரண்டு கிளாஸ் உள்ளே போனால் அந்த வாய்க்கு மூடி கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். ஸ்பாஸுக்கு மட்டும் அன்றைக்கு அது மறந்துபோயிற்று.

வீட்டில், “பழைய சாமான், போயிடுச்சு. அறுநூறு ஆகும்” என்று மட்டும் சொன்னார். நெவேனா மொச்சை சூப்பை அகப்பையால் ஊற்றிக்கொண்டே “சரி” என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. அந்த ‘சரி’ பன்னிரண்டு நாள் அவரைத் தூங்கவிடவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலை, வந்து சேர்ந்த லாரியைக் கிளப்பிவிட்டு அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வருவாளா, மாட்டாளா? குடத்தோடு வந்தாள். ஆனால் சக்கரத்தருகே நிற்கவில்லை. லாரியைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, இருபதடி தள்ளி நடுச்சாலையில் ஊற்றினாள். திரும்பி வந்து லாரிக் கதவில் கை வைத்தாள்.

“இனிமே அங்கதான் ஊத்துவேன். கிளம்பறதுக்கு முன்னாடி தினமும் நீ இறங்கி அடியில பாரு. ஈரம் இருந்தா அது நான் இல்ல.”

ஸ்பாஸ் இறங்கிக் குனிந்து பார்த்தார். தரை காய்ந்துதான் இருந்தது. அவள் முன்னால் கண்ணைத் துடைக்கக் கூச்சமாக இருந்ததால், இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார்.