கடைசி ஜெனரேட்டர்

அறுபதுகளில் ஜெட் விமானத்தின் காக்பிட்டில் மூன்று பேர் உட்காருவோம். முன்னால் கேப்டனும் துணை விமானியும். அவர்களுக்குப் பின்னால், பக்கவாட்டில் திரும்பி, மீட்டர் பலகைக்கு எதிரே ஃபிளைட் இன்ஜினியர். அது நான். ஜன்னல் அவர்களுக்கு, மீட்டர் எனக்கு. ஊர் ஊராகப் பறந்தவன் என்றுதான் பேர். வானத்தை ஒழுங்காகப் பார்த்தவன் இல்லை.

மாட்டுங்காவில் ஓர் அறை, தெரு திரும்பினால் மெஸ். கல்யாணம் ஆகவில்லை. பம்பாயில் எனக்கென்று ஒருவரும் கிடையாது. மெஸ்ஸில் எல்லாருக்கும் நான் ‘கரண்ட் ஸார்’. புதிதாக வந்த யாராவது, “ஏரோப்ளேன் ஓட்டறவரா?” என்று கேட்டால், “ஓட்டலேப்பா, பின்னாடி உக்காந்துண்டு மீட்டர் பாப்பார்” என்று பக்கத்து இலைக்காரர் பதில் சொல்லிவிடுவார். பற்றிக்கொண்டு வரும். அதைத்தானே செய்கிறோம் என்று சாதத்தைப் பிசைய ஆரம்பிப்பேன்.

ஒரு ஜூலை மாதம் வளைகுடாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் ஒரு ஜெனரேட்டர். ஒன்று கிளம்பும்போதே படுத்துவிட்டது. மூன்று போதும், கிளப்பு என்றார்கள். சட்டப்படி போதும்தான், சட்டம் போட்டவன் எவனும் எங்களோடு ஏறி வரவில்லை. நடுக்கடலில் இரண்டாவது போயிற்று. பம்பாயை நெருங்கி மழை மேகத்துக்குள் இறங்குகிற நேரம், மூன்றாவதின் எண்ணெய் கொதிக்கிறது என்று எனக்கு எதிரே விளக்கு எரிந்தது.

அந்த ஜெனரேட்டரை எஞ்சினிலிருந்து கழற்றிவிட ஒரு சுவிட்ச் உண்டு. தட்டினால் தட்டியதுதான். ஆகாயத்தில் திரும்ப மாட்ட முடியாது, தரையில் ஆள் வந்து கையால்தான் மாட்டவேண்டும். கழற்றினால் மிச்சம் ஒன்றே ஒன்று. அதுவும் போனால் பாட்டரி கொஞ்ச நேரம் தாங்கும்; அப்புறம் மேகத்துக்குள் எது மேல், எது கீழ் என்று கேப்டனுக்குக் காட்ட எதுவும் இருக்காது. கழற்றாவிட்டால், அதைச் சுழற்றுகிற கியர்ப் பெட்டி கொதித்து உடைந்து எஞ்சினையும் கெடுத்துவிடலாம்.

கேப்டனிடம் சொன்னேன். அவர் திரும்பக்கூட இல்லை. “உன் பேனல், உன் முடிவு” என்றார் ஆங்கிலத்தில். பின்னால் அத்தனை ஜனம். அடப்பாவி, ‘செய்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்! அந்த நிமிஷத்தில் இருந்ததுபோல நான் தனியாக இருந்ததே இல்லை.

தட்டினேன். கடைசி ஜெனரேட்டருக்குச் சுமை கூடாமலிருக்க ஒவ்வொன்றாக அணைத்தேன். சமையல் அடுப்பு, ராடார், கேபின் விளக்கு, ஒலிபெருக்கி. மேகத்துக்குள் பகலிலேயே இருட்டு. பின்னால் ஒரு பெண் வீரிட்டாள். அவளுக்கு ஒரு சமாதானம் சொல்லக்கூட வழியில்லாமல் மைக்கை அணைத்தவனும் நான்தான். அதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஒரே ஒரு மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர. சக்கரம் தரையில் மோதிய பிறகுதான் பம்பாய் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

கேப்டனும் துணை விமானியும் கை குலுக்கிக்கொண்டார்கள். பிறகு கேப்டன் என் பக்கம் திரும்பி, “விசாரணை முடிகிற வரை வெளியில் மூச்சு விடாதே” என்றார். வாசலில் அவர் மனைவி காரோடு காத்திருந்தாள். பாதி வழி போவதற்குள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். எனக்கும் யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. நான் உயிரோடு வந்தது இந்த ஊரில் ஓர் ஆளுக்காவது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சாயங்காலம் மெஸ்ஸுக்குப் போனேன். முதல் பந்தி பாதியில் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு திரும்புகிறேன், கரண்ட் போயிற்று. மழை நாளில் அந்தக் கட்டடத்தில் ஃபியூஸ் போவது சகஜம். ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. விளக்கு அணைந்துவிட்டால் இருட்டில் ஒரு பருக்கை வாயில் போடக் கூடாது, பந்தியிலிருந்து எழுந்திருக்கவும் கூடாது. இலையில் கையை வைத்துக்கொண்டு வெளிச்சம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

“கரண்ட் ஸார், நீங்கதான் இன்னும் இலைல உக்காரலே. ஒரு கை பாருங்கோளேன்” என்றார் மெஸ் நடத்துகிற மாமா.

மாமா கொடுத்த டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஃபியூஸைப் பிடுங்கினேன். புதுக் கம்பியைத் துளையில் நுழைக்கப் பார்த்தேன். விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. மறுபடி முயன்றேன். கம்பி கீழே விழுந்தது. மேலே இருந்தபோது இந்தக் கை கொஞ்சம்கூட ஆடவில்லை. இப்போது என்ன வந்தது சனியன்!

“அரே, என்ன ஸார், ஏரோப்ளேன்லயும் இப்படித்தானா? சாம்பார் ஆறிண்டிருக்கு!” என்றது இருட்டில் ஒரு குரல்.

அதற்குமேல் முடியவில்லை. “இன்னிக்கு நான் செத்துப் போயிருப்பேன், தெரியுமா?” என்றேன்.

“நாங்களும்தான் ஸார், பசில!”

கூடம் முழுக்கச் சிரிப்பு. மாமா வந்து என் கையிலிருந்து கம்பியை வாங்கி, இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகினார். வெளிச்சம் வந்ததும் எல்லாரும் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கும் ஓர் இலை போட்டார்கள். சாதத்தைப் பிசைந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஏன் ஸார் சாப்பிடலே என்று ஒருத்தராவது கேட்பார் என்று, பந்தியில் கடைசி ஆள் மோரைக் குடித்துவிட்டு எழுந்து போகிறவரை உட்கார்ந்திருந்தேன்.