பஸ் பாடிக்காரன் கட்டிய படகு

எனக்கு நீச்சல் தெரியாது. பின்னால் நான் போடப்போகும் கூச்சலுக்கு ஒரு நியாயம் வேண்டும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தர்மபுரியில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் ரிவெட் அடித்துக்கொண்டிருந்தவனுக்கு நீச்சல் எதற்கு? எங்கள் பக்கம் ஆள் மூழ்குகிற அளவுக்குத் தண்ணீரைப் பார்ப்பதே அபூர்வம். ஏரியூரைத் தாண்டிப் போனால் மேட்டூர் அணைத் தண்ணீர் வந்து தேங்கும் கரை ஒன்றுதான் விதிவிலக்கு. என் போதாத காலம், என் மனைவியின் தம்பி அந்தக் கரையில்தான் பரிசல் போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தான்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் சேலத்துக்கு வலை வாங்கப் போனவன், தர்மபுரியில் என்னைப் பார்த்துவிட்டு ஒரு லாரியில் தொற்றிக்கொண்டான். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தது. உயிர் தப்பியது. இடது முழங்கால் மட்டும் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. கைத்தடி மாதிரி நேராக நின்றுவிட்டது.

பரிசலில் ஏறியவர்களுக்குத் தெரியும், அதில் நாற்காலி கிடையாது. விளிம்போரம் குந்திக்கொண்டுதான் துடுப்பு வலிக்க வேண்டும். கால் மடங்காதவன் குந்த முடியாது. நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பரிசல் ஒரு பக்கம் சாய்கிறது. இரண்டு முறை முயன்றான், இரண்டு முறையும் தண்ணீருக்குள் போய் வந்தான். பிறகு பரிசலை விற்றுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். பெங்களூரில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை இருப்பதாகச் சொந்தக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் பிறந்ததும் போக வேண்டும்.

"சேர்ல குந்துனாப்புல வேல மாமா. எனக்கு ஏத்ததுதான்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை என் மனைவி பார்த்திருக்கக் கூடாது. சமையலறைக்குள் போய் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

சேர் என்ற அந்தச் சொல்தான் என் தலைக்குள் சுற்றியது. எங்கள் பட்டறைக்குப் பின்னால் பழைய அலுமினியப் படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பன்னிரண்டு அடி நீளம். ஏதோ அரசாங்க ஏலத்தில் முதலாளி மற்ற தகரங்களோடு சேர்த்து எடுத்தது. அடியில் நாலைந்து கிழிசல், ரிவெட்டுகள் பாதி உதிர்ந்து போயிருந்தன. ஆனால் குறுக்கே உட்காரும் பலகைக்கு இடம் இருந்தது. பலகை இருந்தால் சீட்டுப் போடலாம். சீட்டுப் போடுவதுதானே என் பிழைப்பு!

முதலாளியிடம் கேட்டேன். "வெட்டி ஷீட்டா எடுக்கலாம்னு இருந்தேன். கண்ணுக்கு முன்னாடி நிக்காம எடுத்துட்டுப் போய்யா" என்றார்.

அன்றைக்குப் புதிதாகப் பாடி கட்டிய பஸ் ஒன்று ஓட்டிப் பார்க்க எங்கள் ஊர் வழியாகப் பென்னாகரம் பக்கம் போனது. அதன் மேல் கேரியரில் படகைக் கட்டினோம். மூன்று வருடமாக மழையில்லாத ஊர்கள் வழியாக, பஸ் தலையில் படகு போகிறது! டீக்கடைகளில் ஆட்கள் எழுந்து நின்றே பார்த்தார்கள். ஒருவர் ஓட்டுநரிடம், "அவ்ளோ மழை வருதுன்னு ரேடியோல சொன்னாங்களா சாமி?" என்று கேட்டார்.

வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் இறக்கினோம். என் மனைவி ஒருமுறை சுற்றி வந்தாள்.

"இதுல எங்க தம்பி போவானா?"

"போவான்."

"நீங்க போவீங்களா?"

"அதான் அவன் போறானே" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. முதல் ஞாயிறு பெரிய மேதாவி போல ஒரு கிழிசலில் கேஸ் வெல்டிங் வைத்தேன். அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்கை கொடுக்காது. நல்ல பிள்ளையாக இருந்துவிட்டுத் திடீரென்று வெண்ணெயாக உருகி விழும். விரல் போகிற கிழிசல், தலை போகிற ஓட்டையானது. மச்சான் பார்த்துவிடுவானே என்று அந்த ஓட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டேன். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

"மாமா, சூடு ஆறலியே, சுடலீங்களா?" என்றான் அவன், சுவரை விட்டு முகத்தைத் திருப்பாமலே.

சுட்டது. உண்மையாகவே சுட்டது.

அதன் பிறகு எனக்குத் தெரிந்த வேலையை மட்டும் செய்தேன். ஒட்டுத் தகடு வெட்டி, துளை போட்டு, ரிவெட். ரிவெட் அடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் இந்தப் பக்கம் சுத்தியலால் அடிக்க, அந்தப் பக்கம் ஒருவர் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். என் மனைவி படகுக்கு அடியில் படுத்துக்கொண்டு முட்டுக் கொடுத்தாள். பட்டறையில் எனக்கு வாய்த்த எந்த உதவியாளனும் அவ்வளவு அசையாமல் பிடித்ததில்லை. அடிக்கு அடி, "சரியா வுழுகுதா?" என்று மட்டும் கேட்பாள். அப்போதுதான் மச்சான் எழுந்து வந்தான். தகட்டுக்கும் படகுக்கும் நடுவில் தார் தோய்த்த துணி வைத்தால் தண்ணீர் கசியாது என்றான். பரிசலுக்குத் தார் பூசிய கை. துணியை அவனே வெட்டி, அவனே தோய்த்து வைத்தான். சுவர் அன்றைக்குத் தனியாக இருந்தது.

பிறகு என் கலைத்திறமை ஆரம்பித்தது. முன்பலகையைத் தூக்கி, ஓட்டுநர் சீட்டுக்குப் போடும் பச்சை ரெக்ஸின் மெத்தையை வைத்துத் தைத்தேன். இடது காலை நீட்டி வைக்கச் சரிவாக ஒரு தகடு. பிடித்துக்கொண்டு எழவும் உட்காரவும் பஸ்ஸில் நிற்பவர்கள் பிடிக்கிற கம்பி. ரிவெட் தலைகளில் வலை மாட்டிக் கிழியாமலிருக்க விளிம்பு முழுக்க ஜன்னல் கண்ணாடிக்குப் போடும் ரப்பர். அந்த ரப்பர் யோசனையைச் சொன்னதும் மச்சான் என்னைப் புதிதாகப் பார்த்தான். பட்டறையில் எழுத்து எழுதும் பெயிண்டர் ஒருநாள் வந்து சிவப்புக் கோடு போட்டார். கைப்பழக்கம், யாரும் கேட்காமலே உள்பக்கம் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்றும் எழுதிவிட்டுப் போனார்.

"கைய வெளிய நீட்டாம வலையை எப்படி மாமா போடறது?" என்றான் மச்சான்.

"தலையவாவது உள்ள வச்சுக்க."

கசிவு பார்க்கப் படகுக்குள் தண்ணீர் ஊற்றினோம். குடம் குடமாக என் மனைவி கொண்டுவந்து கொட்டினாள். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. தெருவே வந்து அடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போனது. நான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன். பிறகுதான் தண்ணீரை வெளியேற்ற வேண்டுமே என்ற கேள்வி வந்தது. நிறைந்த படகைக் கவிழ்க்க ஆறு ஆள் வேண்டும். எங்கள் தொழிலில் இதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. பஸ் கழுவினால் தண்ணீர் நிற்காமலிருக்கத் தளத்தில் ஓட்டை போடுவோம். போடாவிட்டால்தான் தப்பு. டிரில்லை எடுத்தேன். பின்தகட்டின் அடியோரம், ஒரு முழ இடைவெளியில், இரண்டு ஓட்டை. தண்ணீர் அழகாக வடிந்தது. ஓட்டையின் விளிம்பை அரம் வைத்துத் தேய்த்து வழவழப்பாக்கி, பெயிண்ட் தொட்டும் வைத்தேன்.

ஆம், படகில். நான் ஒருவன் மட்டுமல்ல, பார்த்துக்கொண்டிருந்த யாருக்குமே தோன்றவில்லை.

அந்த வாரம் டிராக்டரில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனோம். பரிசல்காரர்கள் கூடிவிட்டார்கள். மச்சான் கம்பியைப் பிடித்து ஏறி, சீட்டில் அமர்ந்து, காலை நீட்டி, துடுப்பை எடுத்தான். படகு போயிற்று. முன்னால் அவன் எடை, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, ஓட்டைகள் தண்ணீருக்கு மேலே. ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்தவன் முகத்தைப் பார்த்து என் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏறுங்க மாமா. வலை போட்டு வச்ச எடம் வரைக்கும் போயி வரலாம்." முந்தின நாளே பரிசல்காரர் ஒருவர் அவனுக்காக வலையைப் போட்டு வைத்திருந்தார்.

இத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பின்னால் ஏறி உட்கார்ந்தேன். என் எடைக்குப் பின்பக்கம் இறங்கியது. கரை நன்றாகத் தள்ளிப் போன பிறகு, காலில் ஜில்லென்று ஏதோ ஏறியது. திரும்பினால், என் கையால் தேய்த்து வழவழப்பாக்கிய இரண்டு ஓட்டைகளிலிருந்தும் குழாய்போலத் தண்ணீர்.

நான் கத்தியதை இங்கே எழுத முடியாது. குலதெய்வத்தைக் கூப்பிட்டேன், பக்கத்துத் தெரு சர்ச் மாதாவையும் கூப்பிட்டேன், முதலாளியைக்கூடக் கூப்பிட்டேன். "பஸ்ஸ நிறுத்துறா!" என்று கத்தியதாக மச்சான் இன்றும் சொல்கிறான். நான் ஒத்துக்கொள்வதில்லை.

"மாமா, முன்னால வாங்க! வெயிட்டு முன்னால வந்தா நின்னுரும்!"

"அசையமாட்டேன்!"

"அப்ப வெரல வையுங்க!"

மண்டியிட்டு, முதுகை அவனுக்குக் காட்டி, இரண்டு கட்டைவிரலையும் இரண்டு ஓட்டைகளில் திணித்தேன். தண்ணீர் நின்றது. மூச்சு வந்தது.

"கரைக்குத் திருப்பு மாப்ள."

துடுப்புச் சத்தம் கேட்டது. ஆனால் கரை எனக்கு முன்னால் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது.

"டேய் மாப்ள, எங்கடா போற?"

"இவ்ளோ தூரம் வந்தாச்சு மாமா. வலையைப் பாத்துட்டுப் போயிரலாம். நீங்க புடிச்சிக்கிட்டிருங்க."

அவன் குரலைக் கேட்டேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன் குரல் இல்லை அது. வேலைக்கு நடுவில் தொந்தரவு செய்கிறவனுக்குச் சொல்லும் பதில். நான் வாயை மூடிக்கொண்டு விரலை இன்னும் ஆழமாக அழுத்தினேன். பின்னால் ஈர வலை ரப்பர் மேல் எங்கும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு ஏறும் சத்தம். கெண்டை ஒன்று வந்து என் முதுகில் அடித்தது. இன்னொன்று. பயத்தில் பல் கிட்டிக்கொண்டிருந்தது, ஆனாலும் அந்த ரப்பர் சத்தத்தை எண்ணி உள்ளுக்குள் மார்தட்டிக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவீர்களா?

கரை சேர்ந்தபோது கட்டைவிரல் இரண்டும் வீங்கிக் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தன. மச்சான் கம்பியைப் பிடித்து எழுந்து, அக்காவிடம் மீன்கூடையைக் கொடுத்துவிட்டு, "பெங்களூர்க்காரங்களுக்கு ஒரு கடுதாசி போட்டுரு அக்கா, வேற ஆளப் பாத்துக்கச் சொல்லி" என்றான். அவள் கூடையை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் என்னை அவள் அப்படிப் பார்த்தது அதிகம் இல்லை.

அன்று சாயங்காலமே மரத்தில் இரண்டு அடைப்பான் சீவி வைத்துக்கொண்டான். மறுநாள் காலையில் நான் கரைக்குப் போனபோது அவன் தனியாக நடுத்தண்ணீரில் இருந்தான். நிமிர்ந்து உட்கார்ந்து, கால் நீட்டி, வலை இழுத்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் பரிசல் கவிழ்த்துக்கொண்டிருந்த ஒருவர் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். "யாருங்க அது, மெத்தையில குந்திக்கினு தொரையாட்டம் மீன் புடிக்கறது?"

"அந்த சீட்டு நான் போட்டதுங்க" என்றேன்.