ஒரு விமானம்தான் போகும் என்றார்கள்

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது, என் தங்கை மகள் செல்வி. அவளைப் பெற்ற அன்றே தங்கை போய்விட்டாள். எனக்கு அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்துதான். மெதுவாக எழுதினால் வரும். எங்கள் அன்னங்கோயில் கரையில் விமானம் ஏறிய முதல் பெண்பிள்ளை நான். அதை நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

2010, கார்த்திகை மாதம். செல்வி அந்தமானில், போர்ட் பிளேரில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு அங்கே துறைமுகத்தில் வேலை. நிறைமாதக்காரியைக் கப்பலில் அழைத்துவரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “அம்மா, நீ வந்து பக்கத்துல நின்னாத்தான் பிரசவ ரூமுக்குள்ள போவேன்” என்று போனில் அழுதாள். தன்னைப் பெற்றவளுக்கு நடந்தது தனக்கும் நடக்குமோ என்ற பயம். மாப்பிள்ளை உடனே டிக்கெட் எடுத்து அனுப்பினார்.

புதன்கிழமை மதியம் சிதம்பரத்தில் சென்னை வண்டி ஏறினேன். எண்பது ரூபாய். கடலூரில் தூறல், புதுச்சேரியில் கொட்டும் மழை, திண்டிவனத்தில் புழுதி பறந்தது. கடலூரில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைச் சுளித்தாள்.

“இன்னாம்மா, பையில கருவாடா?”

“சுறாக் கருவாடு. புள்ள பெத்தவளுக்குப் பால் ஊறும்.”

“ஊறட்டும், ஊறட்டும். பஸ்சு பூராவும் ஊறுது.”

அன்று தாம்பரத்தில் தம்பி மகன் வீட்டில் தங்கினேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு விமான நிலையம். உள்ளே நுழைந்ததும் மாப்பிள்ளையின் போன். “அத்த, வலி எடுத்துடுச்சு. டாக்டரு சாயங்காலம்னு சொல்றாரு. இங்க ஒரே மழை.”

சீட்டைக் காட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள். “உங்க விமானம் ரத்தும்மா. நாளைக்கு மாத்தித் தரேன்.”

கண்ணாடிக்கு வெளியே பளபளவென்று வெயில். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இந்த வெயில்ல எங்க ஊரு கட்டுமரமே போவும். ஏரோப்ளேனு போவாதா?”

“இங்க வெயில்தாம்மா. எறங்குற எடத்துல மழை.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. எங்கள் கரைக்கு வரும் புயல் பாதி அந்தப் பக்கம்தான் பிறக்கிறது. கடல்காரி நான் மறக்கலாமா?

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். அவர்கள் கம்பெனிக்கு அன்று காலையில் அங்கே இரண்டு விமானங்கள். மழை கொஞ்சம் விடும் என்று செய்தி வந்திருக்கிறது. ஆனால் மதியத்துக்குமேல் அங்கே இறங்க விடமாட்டார்கள். ஆகவே ஒன்றுக்குத்தான் நேரம். ஆள் அதிகம் இருப்பதை அனுப்பி, குறைவாக இருப்பதை நிறுத்துவார்களாம். என்னுடையதில்தான் ஆள் குறைவாம். நிறுத்தினால் எத்தனை பேர் வழியில் சிக்குவார்கள், விமானிக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஓட்ட அனுமதி இருக்கிறது, எல்லாம் பார்ப்பார்களாம். “எறங்க முடியலன்னா திரும்பி வர எண்ணெயும் ரொப்பணும். பாரம் ஏறிடும். அதனால போற விமானத்துல காலி சீட்டு எல்லாத்தையும் குடுக்க மாட்டாங்க. ரத்தானவங்களுக்கு ஏழுதான் குடுத்திருக்காங்க.”

எனக்குச் சட்டென்று புரிந்தது. மழையில் ரோடு மோசமானால் எங்கள் மீன்காரிகளின் இரண்டு வேன்களில் ஒன்றுதான் சிதம்பரம் சந்தைக்குப் போகும். கருவாட்டுக்காரிகள் இறங்கிக்கொள்வோம். பச்சை மீன் விற்பவள் ஏறுவாள். அவள் சரக்கு நாளைக்கு நிற்காது. எத்தனையோ தடவை நான் முணுமுணுக்காமல் இறங்கியிருக்கிறேன்.

“கண்ணு, என் பொண்ணுக்கு வலி கண்டுருச்சு. தாயில்லாம பொறந்தவ, நான் வளத்தவ. நாளைக்குப் போயி நான் என்னா பண்ண? இன்னைக்கு நான் பச்சை மீனு. நாளைக்கு நிக்கக்கூடிய கருவாடு யாருன்னு பாத்து நிறுத்திக்க.”

பின்னால் நின்ற புது மாப்பிள்ளை சிரித்துவிட்டான். “அப்ப நாங்க கருவாடா ஆயா? கல்யாணமாகி ஒரு வாரந்தான் ஆவுது!”

“நீங்க எங்க இருந்தாலும் தேனிலவுதாண்டா. போ.”

அவன் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு, “அவங்கள மொதல்ல அனுப்புங்க மேடம்” என்றாள்.

அந்தப் பெண் உள்ளே போனாள். நான் மாரியம்மனுக்கு வேண்டக்கூட மறந்து கதவையே பார்த்திருந்தேன். திரும்பி வந்தவள் கையில் புதுச் சீட்டு. “ஓடுங்கம்மா, கூப்பிட்டாச்சு.”

ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இரண்டு மணி நேரம். சன்னலில் வெள்ளை மேகம் தவிர ஒன்றுமில்லை. போர்ட் பிளேர் மேலே வந்ததும் இறங்காமல் சுற்றியது. பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. திரும்ப எண்ணெய் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இறங்க வேண்டுமே என்றுதான் கவலை. மூன்றாம் சுற்றில் மேகம் விலகிப் பச்சை மலை தெரிந்தது. சக்கரம் தரையில் பட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆஸ்பத்திரியில் செல்வி என் கையை நசுக்கிப் பிடித்தாள். “வந்துட்டியா?” என்றாள். “வராம?” என்றேன். விளக்கு வைக்கும் நேரத்தில் பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். நர்ஸ் சொன்னதை நான் நம்பவில்லை. உள்ளே போய், செல்வி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தேன்.

இரண்டு மாதம் இருந்து, வெயில் நாளில் திரும்பினேன். அங்கும் எங்கள் ஊர் மழைதான், எங்கள் ஊர் மீன்தான்; பேச்சில் மட்டும் இந்தி கலக்கிறது. முன்பெல்லாம் அந்தமான் பக்கம் காற்றழுத்தம் என்று செய்தியில் சொன்னால், நம் படகுகள் கரை ஏறினவா என்று பார்ப்பேன். இப்போது முதலில் செல்விக்குப் போன் போடுகிறேன்.

அம்மாடி துர்கா, பெரிய மகன் மகளே, இங்கே வந்து உட்கார். இதைச் சத்தமாகப் படி. இரு, செல்விக்குப் போன் போட்டுப் பக்கத்தில் வை, அவளும் கேட்கட்டும்.