பின்சக்கரத்து எலுமிச்சம்பழம்

எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம் கேட்டாலே இன்றும் எனக்கு வயிறு எரியும். தென்காசியில் புது வண்டி எடுத்தவன் எவனும் சக்கரத்தடியில் பழம் வைக்காமல் நகர்த்த மாட்டான். பந்தயக் கார் ஓட்டியவன் நான். என் வாழ்க்கை அந்தப் பழத்தோடு சேர்ந்து நசுங்கியது என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பந்தயத்தில் இறக்கியவர் எங்கள் லாரி முதலாளி அண்ணாச்சி. தாராள மனசுக்காரர், அதை நான் மறுக்கவில்லை. ஒரே ஒரு தடவைதான் என்று சொல்லி, கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பந்தயம் நடத்தினார்கள். ஒற்றை ஆள் உட்காரும் வண்டி. மட்கார்டு கிடையாது, நான்கு சக்கரமும் வெளியே துருத்தி நிற்கும். என்ஜின் முதுகுக்குப் பின்னால். வண்டியைத் தள்ளுவது பின்சக்கரங்கள். ஜெயிப்பவனுக்குச் சென்னையில் பெரிய அணி ஒன்றில் இடம். தகுதிச் சுற்றில் நான்தான் முதல்.

தொடக்கக் கோட்டிலிருந்து எல்லோரும் விலகும் நேரம், அண்ணாச்சி மட்டும் குனிந்து வண்டியைச் சுற்றி வந்தார். மடியிலிருந்து பழங்களை எடுத்து முன்சக்கரத்தடியில் செருகினார்; பின்சக்கரத்தடியிலும் செருகுவது கண்ணாடியில் தெரிந்தது. லாரியின் கனத்துக்குப் பழம் ஒரு பொருட்டே இல்லை. இதுவோ இறகு மாதிரி வண்டி. பெல்ட்டும் ஹெல்மெட்டுமாகக் கட்டுண்டு கிடப்பவன் கத்தினால் யாருக்குக் கேட்கும்? கிளம்பலாம் என்று சிவப்பு விளக்கு அணைந்தது. வலது பின்சக்கரம் வழுக்கிச் சும்மா சுழன்றது. வண்டி குறுக்கே திரும்பிப் பக்கத்து வண்டியில் மோதி நின்றது. அவ்வளவுதான் என் பந்தயம்.

"பயலுக்கு காலு நடுங்கிட்டு. கிளட்ச்ச படக்குனு விட்டுட்டான்" என்று ஊருக்கு வந்து சொன்னவர் அண்ணாச்சியேதான். நான் பழத்தைச் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று டீக்கடையில் சிரித்தார்கள். சாமி காரியத்தைப் பழிக்கிறான் என்றார்கள். சென்னையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பந்தயமும் பிறகு நடக்கவே இல்லை. கிளட்ச் விடத் தெரியாதவன் என்று பேரெடுத்த நான் இப்போது டிரைவிங் ஸ்கூல் வைத்து, சீசன் நெரிசலில் ஐந்தருவி ரோட்டில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிளட்ச் விடச் சொல்லிக்கொடுக்கிறேன். விதியின் குசும்பைப் பாருங்கள்.

போன ஆனியில் ஸ்கூலுக்குப் புது கார் வந்தது. பெரியவர் கையால் ஆகட்டும் என்று மனைவி அண்ணாச்சியை அழைத்துவிட்டாள். சாரலில் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். அவள் நான்கு சக்கரத்தடியிலும் பழம் வைத்தாள். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி மெல்லப் பின்னால் போனார். கம்பால் இரண்டு பழத்தையும் வெளியே தள்ளுவது கண்ணாடியில் தெரிந்தது.

"பின்னால வேண்டாம் தாயி," என்றார். "வழுக்கிரும்."

இத்தனை வருடத்தில் அவருடைய லாரி ஒன்றுகூட பழத்தில் வழுக்கியதில்லை. வழுக்கியது ஒரே ஒரு வண்டி. பாவி மனுஷன், அன்றைக்கே தெரிந்திருக்கிறது. நிமிர்ந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கிளட்சை மெதுவாக விட்டேன். முன்னால் இருந்த இரண்டும் நசுங்கின.