உளுந்து காய்ந்த ரோட்டில் சத்தமில்லாத கார்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் டிவியில் கார் ரேஸ்தான். வெளிநாட்டில் எவனோ ஓட்டுவதற்கு அருப்புக்கோட்டையில் இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர், இன்னொருவர் என் கொழுந்தனார். பெரிய ரேஸையெல்லாம் கரண்டு காருக்கு மாற்றிவிட வேண்டும் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. "சத்தமில்லாத ரேஸு மேளமில்லாத கோயில் கொடை மாதிரில்ல இருக்கும்? எவன் பாப்பான்?" என்பார் கொழுந்தனார். நானும் கரண்டு கட்சிதான். அந்த உறுமலைக் கேட்டாலே எனக்குத் தலை வலிக்கும்.

அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எம்.ரெட்டியபட்டியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குக் கிளம்பும்போது, "ஒங்க டீசல் வண்டி உறுமத்தான் செய்யும், எங்க காருகிட்ட நிக்குமா?" என்று கொழுந்தனாரைச் சீண்டிவிட்டேன். "வாங்க மதினி, பாத்துருவோம்" என்று சிரித்துக்கொண்டே அவர் முன்னால் போய்விட்டார். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கரண்டு காரை என் வீட்டுக்காரர் எடுத்தார். டவுனைத் தாண்டியதும் மிதித்தார் பாருங்கள், என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. "வேணாங்க, மெல்லப் போங்க" என்றேன். ஏற்றிவிட்டவளே நான், இப்போது நான் சொன்னால் கேட்பாரா?

தை மாதம். ரோட்டில் பாதிக்கு உளுந்தஞ்செடியைப் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் போகிற வருகிற வண்டிச் சக்கரம்தான் உளுந்தை அடித்துக் கொடுக்கும். செடியைப் புரட்டிப் போடுகிறவர்கள் திரும்பியே பார்ப்பதில்லை. சத்தம் வந்தால் ஒதுங்குவார்கள், சத்தம் போனால் ரோட்டுக்குள் வந்துவிடுவார்கள். ரேஸ் ரோட்டில் யாரும் உளுந்து காயப்போட மாட்டார்கள், அங்கே கரண்டு கார் ஓடட்டும் என்று இன்றைக்கும் சொல்வேன். இது ரெட்டியபட்டி ரோடு.

சேலைமேல் ஆம்பிளைச் சட்டை போட்டு, காதை மறைத்துத் துண்டு கட்டிய ஓர் அக்கா கொழுந்தனார் வண்டிக்கு ஒதுங்கினார். அது கடந்ததும், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நடுரோட்டுக்கு வந்துவிட்டார். பின்னால் இன்னொரு கார் வருவது அவருக்குத் தெரியவே தெரியாது. "ஏ யக்கா!" என்று அலறினேன். கண்ணாடி ஏற்றியிருக்கிறது, யாருக்குக் கேட்கும்? என் வீட்டுக்காரர் ஹாரனை மறந்துவிட்டு பிரேக்கை மிதித்தார். கார் நிற்காமல் செடிமேல் வழுக்கிக்கொண்டு போனது. ஐயோ, கொன்றுவிட்டோம் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

கார் நின்றதும் இறங்கினேன். காருக்கும் அந்த அக்கா இடுப்புக்கும் நடுவே ஒரு கைகூட நுழையாது. கார் தள்ளிக்கொண்டு வந்த செடி காலில் இடித்த பிறகுதான் அவர் திரும்பினார். கையிலிருந்த, செடி புரட்டுகிற கவைக்கம்பு விழுந்தது.

"எப்பத்தா வந்தீக?" என்றார். வாய் குழறியது. "எனக்கு ஒண்ணுமே கேக்கலையே. காது செத்துப்போச்சா?"

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. இந்த வண்டிதான் சத்தம் போடாது. தப்பு எங்க மேலதான்."

அவர் நம்பவில்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். என் வீட்டுக்காரர் பொத்தானை அழுத்தினார். அக்கா துண்டை அவிழ்த்துவிட்டுக் குனிந்து, பானெட்டில் காதை வைத்தார். வைத்தபடியே அழுதுவிட்டார். "ஒண்ணும் கேக்கலையே தாயி. ரோட்டுல நிக்கிற பொழப்பு, காதில்லாம நான் என்ன செய்வேன்?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. நானும் அவர் பக்கத்தில் குனிந்து, வெயிலில் சுட்ட தகரத்தில் காதை வைத்தேன். "எனக்கும் கேக்கலக்கா" என்றேன்.

"நெசமாவா?"

"சத்தியமாக்கா."

அவர் நிமிர்ந்து துண்டால் கண்ணைத் துடைத்தார். திடீரென்று என் கையைப் பிடித்து வெடுக்கென்று ரோட்டோரத்துக்கு இழுத்தார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. கொஞ்சம் கழித்துத்தான், கொழுந்தனார் வண்டி எங்களைத் தேடித் திரும்பி வருகிற சத்தம் எனக்குக் கேட்டது.