பதினோரு ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிவோர் குறித்த வினா

எங்கள் கடற்கரைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அரசுத் துறைகளுக்கு எழுத்து மூலமாகக் கேட்கிற கேள்விகளை எழுதிக் கொடுப்பவன் நான். வெளியே சொன்னால் பெரிய வேலை மாதிரி இருக்கும். ராமநாதபுரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்து, மண்டபத்தில் ஐஸ் கிடைக்கவில்லை என்று ஒருவர் திட்டுவதை, ‘மண்டபம் மீன் இறங்குதளத்தில் பனிக்கட்டி நிலையம் அமைக்கும் திட்டம் அரசிடம் உள்ளதா? ஆம் எனில், எப்போது? இல்லை எனில், காரணம் என்ன?’ என்று மாற்றுவதுதான் வேலை. திட்டின் சூடு போய்விடும். ஐஸ் வராவிட்டாலும் அந்த அளவுக்குக் குளிர்ச்சியை நான் உண்டாக்கியிருக்கிறேன்.

கேள்விக்கு விதிகள் உண்டு. அனுமானம் கூடாது. வாதம் கூடாது. அடைமொழி கூடாது. கேலி கூடவே கூடாது. இளமையில் சின்னப் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவன் நான். அந்தக் கட்டுரைகளைப் படித்தவர்கள் எல்லோரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பலாம், டிரைவர் பக்கத்தில் இடமும் மிச்சமிருக்கும். அப்படிப்பட்ட என்னைக் கேலி கூடாத ஒரு மேசையில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஒரு தடவை தேவிபட்டினத்தில் நவகிரகக் கற்கள் நிற்கிற கடலில் குளித்துவிட்டு வருகிற பெண்கள் உடை மாற்ற இடமில்லாததைப் பற்றி எழுதும்போது, ‘நவகிரகங்களும் பார்த்துக்கொண்டிருக்கையில்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். சட்டமன்றச் செயலகம் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு மீதியை ஏற்றுக்கொண்டது. என் எழுத்து வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அது. நியாயமான விமர்சனம்தான்.

இன்னொரு விதி முக்கியமானது. தனி ஒருவருடைய குறையைக் கேள்வியாகக் கேட்கக் கூடாது. பொதுக் கொள்கையாக இருக்க வேண்டும். எங்கள் தொகுதித் தீவு ஒன்றில் கருவாடு காயப்போடும் ஒரு அக்கா வந்து, தன் வீட்டு முன்னால் எரியாத தெருவிளக்கைப் பற்றிச் சொன்னார். நான் அதை ‘மீனவக் குடியிருப்புகளில் தெருவிளக்குப் பராமரிப்பு’ என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

“இதக் கேட்டா லைட்டு எரியுமா தம்பி?”

“பதில் வரும்க்கா.”

“பதிலு எங்கூட்ல நெறைய கெடக்கு. என் மாப்பிள்ள குடுப்பாரு. நீ பல்பு கேளு.”

பல்பு கேட்க விதியில் இடமில்லை என்று அவரிடம் விளக்கினேன். சேசுவே என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போனார். எனக்காகவா, விளக்குக்காகவா என்று தெரியவில்லை.

இப்படி ஊரார் குறைகளையெல்லாம் பொதுவாக்கி எழுதிக்கொண்டிருந்தவனுக்கு, சொந்தமாக ஒரு குறை இருந்தது. என் மனைவி பள்ளிக் கல்வித் துறையில் உதவியாளர். மேற்கே ஒரு மலை மாவட்டத்தில், மாவட்டக் கல்வி அலுவலகத்தில் வேலை. பதினோரு வருடமாக அவள் அங்கே, நான் இங்கே. மகள் என்னிடம் இருந்து பள்ளிக்கூடம் படித்தாள். போன வருடம் அவளும் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். மூன்று பேருக்கு மூன்று ஊர், மூன்று சாவி.

பொங்கல், மே மாதம், தீபாவளி. வருடத்தில் மூன்று தடவை மனைவி வருவாள். வந்த முதல் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டு ஜன்னலையெல்லாம் சாத்திவிடுவாள். அங்கே அந்த நேரத்துக்குக் குளிர் இறங்கிவிடுமாம், கை தானாகப் போகிறது. இங்கே மே மாதத்து நாலு மணிக்கு ஜன்னலைச் சாத்தினால் வீடு இட்லிப் பானை. இரண்டு மூன்று நாளில் பழக்கம் விட்டுப்போகும். விட்டுப்போகிற நேரத்தில் கிளம்பிவிடுவாள். அவள் போன பிறகு ஒரு வாரம் நாலு மணிக்கு நானே ஜன்னலைச் சாத்திக்கொண்டு வியர்த்து உட்கார்ந்திருப்பேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. படித்த மனிதன் செய்கிற காரியமா இது.

தினமும் ஏழு மணிக்குப் போனில் பேசுவோம். ஒவ்வொரு மே மாதமும் பொது மாறுதல் கலந்தாய்வு முடிந்ததும் கேட்பேன். “இந்த வருசமும் கெடைக்கலங்க” என்பாள். நான் அரசாங்கத்தைத் திட்டுவேன். கேலி, அனுமானம், அடைமொழி எல்லாம் சேர்த்து, விதிகளுக்கு உட்படாமல் திட்டுவேன். திருவாடானைப் பக்கம் கல்யாண வீடுகளில் உறவுக்காரர்கள் விசாரித்தால், “கவர்மெண்ட்டு விடமாட்டேங்குது” என்று சொல்லிவிட்டு, பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை ரசம் கேட்பேன். துக்கத்தில் இருப்பவனுக்கு அதிகமாகப் பரிமாறுவார்கள்.

கடந்த கூட்டத்தொடருக்குக் கேள்விகள் எழுதும்போது என்ன தோன்றியதோ, கட்டின் கடைசியில் ஒன்றைச் சேர்த்தேன். (அ) கடலோர மாவட்டங்களைச் சொந்த ஊராகக் கொண்டு, மலை மாவட்டக் கல்வி அலுவலகங்களில் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் பணிபுரியும் ஊழியர்கள் எத்தனை பேர்? (ஆ) அவர்களில் சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் கோரியவர்கள் எத்தனை பேர்? (இ) எத்தனை கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன, காரணம் என்ன? (ஈ) இவர்களுக்கு முன்னுரிமை அளிக்க அரசு ஆவன செய்யுமா?

எங்கள் உறுப்பினர் கையெழுத்துப் போடும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் போடுவார். படிக்கவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். அன்றைக்கென்று கடைசித் தாளுக்குக் கண்ணாடியை மாட்டினார்.

“ஏப்பா, இது என்ன மலை மாவட்டம்? நம்ம தொகுதியில உப்புக் குமிச்சு வச்சிருக்கிறதத் தவிர மலையே கெடையாதே.”

“நம்ம ஊர்க்காரங்க அங்கன வேல பாக்குறாங்கய்யா.”

“எத்தன பேரு?”

“அதத்தான் கேட்டிருக்கு.”

என்னை ஒரு தடவை பார்த்தார். தாளை ஒரு தடவை பார்த்தார். “ஒம் பொண்டாட்டி பேரு ஒண்ணுதான் இதுல இல்ல” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சட்டமன்றக் கேள்வி போகும் பாதை எனக்குத் தெரியும். செயலகத்திலிருந்து துறைக்கு, துறையிலிருந்து இயக்குநரகத்துக்கு, அங்கிருந்து எல்லா மாவட்டங்களுக்கும் ‘மிக அவசரம்’ என்ற முத்திரையோடு இறங்கும். அமைச்சர் பெயரில் வருகிற பதிலை உண்மையில் எழுதுவது, கடைசிப் படியில் பதிவேட்டோடு உட்கார்ந்திருக்கும் ஒரு உதவியாளர். இத்தனையும் தெரிந்த நான், அந்த மாவட்டத்தில் அந்தக் கடைசிப் படியில் உட்கார்ந்திருப்பது யார் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. மாறுதல் பிரிவு அவள் மேசை.

ஒரு நாள் மதியம் போன் வந்தது. ஏழு மணிக்குப் பேசுகிறவள் மதியம் கூப்பிட்டால், ஏதோ ஆகிவிட்டது என்றுதான் எடுப்பேன்.

“ஒரு கேள்வி வந்திருக்கு” என்றாள். “சாயங்காலத்துக்குள்ள பதில் வேணுமாம். எங்க சூப்பிரண்டு மேடம் சோத்து டப்பாவத் தெறந்தவங்க அப்படியே மூடி வச்சுட்டாங்க.”

“என்ன கேள்வி?”

“நடிக்காதீங்க. ஊர்ல இருக்கிறவுக எல்லாம் பத்து வருசம், அஞ்சு வருசம்னு கேப்பாக. பதினோரு வருசம்னு கணக்கா கேக்குற கிறுக்கு ஒண்ணுதான் இருக்கு.”

எனக்குச் சிரிப்பாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. அரசாங்கம் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி, அவள் மேசையில் போய்த் தட்டிவிட்டேன். காதல் கடிதத்தைக்கூட யாரும் இத்தனை முத்திரையோடு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

“(ஆ)வுக்கு என்ன எழுத?” என்று கேட்டாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“இருக்கிறத எழுது.”

“இருக்கிறதயா?”

“சட்டசபைக்குப் போற பதிலாச்சே. தப்பா இருந்தா உரிமை மீறல் பிரச்சினை ஆயிரும். பதிவேட்டுல என்ன இருக்கோ அதத்தான் எழுதணும்” என்று பாடம் நடத்தினேன். எனக்கு அந்த விதியெல்லாம் தலைகீழாகத் தெரியும்.

அவளுக்குப் பின்னால் யாரோ ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தம் கேட்டது. “சரி” என்று வைத்துவிட்டாள்.

பதில் அச்சாகி வர ஐந்து வாரமானது. மற்றப் பதில்களோடு அதுவும் ஒரே கட்டாக வந்தது. மண்டபம் ஐஸ் பரிசீலனையில் இருந்தது. தேவிபட்டினத்துக்கு மதிப்பீடு தயாராகி வந்தது. கடைசித் தாளுக்கு ஒரு இணைப்பு, மாவட்டவாரியாக அட்டவணை. அவளுடைய மாவட்டத்தில் விரலை வைத்துப் படித்தேன். பணிபுரிவோர்: ஒருவர். மாறுதல் கோரியோர்: எவருமில்லை. நிராகரிக்கப்பட்டவை: வினா எழவில்லை.

மறுபடி படித்தேன். மேல் வரிக்கு விரல் போய்விட்டதோ என்று அளவுகோலை வைத்துப் படித்தேன். எவருமில்லை.

எழுத்து மூலமான கேள்விக்கு வந்த பதிலின் மேல் துணைக்கேள்வி கேட்க முடியாது. நேரில் கேட்கிற கேள்வி என்றால் எழுந்து நின்று, அப்படியானால் என்று தொடங்கலாம். எழுத்தில் வந்தால் அதோடு முடிந்தது. அந்த விதியை முதன்முதலாக அன்றைக்குத்தான் வெறுத்தேன். ஏழு மணி வரை மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

“படிச்சீங்களா?” என்றாள், எடுத்தவுடனே.

“படிச்சேன்.”

“நீங்கதான இருக்கிறத எழுதச் சொன்னீங்க.”

“கெடைக்கல, கெடைக்கலன்னு சொன்னியே.”

“கேட்டாத்தான கெடைக்கும். பொய் ஒண்ணும் சொல்லல. முதல்ல ரெண்டு மூணு வருசம் மனு போட்டேன். இல்லன்னு வந்துச்சு. அதெல்லாம் பழைய பதிவேடு, கட்டிப் பரண்ல போட்டாச்சு, இப்ப உள்ள பதிவேட்டுல இல்ல. அப்புறம் ஒரு வருசம் மனுவ எழுதி வச்சுட்டு, குடுக்காம வீட்டுக்கு வந்துட்டேன். அன்னிக்கு ராத்திரிதான் நல்லாத் தூங்குனேன்” என்றாள்.

“ஏன்?”

“ஆபீஸ் விட்டு வந்து டீ போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருப்பேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாக. முதல்ல அது எனக்கு அழுகையா வரும். இப்ப அது இல்லாம முடியல. உங்க மேல கோவம்லாம் இல்லங்க. உங்கள நெனைக்கிறதும் அந்த ஒரு மணி நேரத்துலதான்.”

பேசினால் அடைமொழி வந்துவிடும்.

“ஒண்ணு கேக்கட்டுமா?” என்றாள். “அந்தக் கேள்விய நாலு தடவ டைப் அடிச்சேன். (அ)வுலயிருந்து (ஈ) வரைக்கும் எடத்த விட்டுக் கெளம்ப வேண்டியது நான்தான். நீங்க கெளம்பணும்னு எங்கனயாச்சும் ஒரு வரி இருக்கா? பதினோரு வருசத்துல வாயாலயாச்சும் கேட்டிருக்கீங்களா?”

இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவையும் குளிர் என்று சொல்லி நாலாம் நாள் பஸ் ஏறினேன். மகள் படிப்பு என்று ஒரு காரணம் இருந்தது. அது கோயம்புத்தூர் போய் ஒரு வருடம் ஆகிறது. அந்தக் காரணம் போன பிறகும், அது இருந்த இடத்தை நான் பெருக்கிச் சுத்தமாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“இப்ப கேக்கட்டுமா?” என்றேன்.

“வாயால வேணாம். கேள்வி எழுதுறதுதான உங்க வேல. எழுதி அனுப்புங்க.”

மறுநாள் உறுப்பினரிடம் விஷயத்தைச் சொன்னேன். மலையிலிருந்தே கேள்வி எழுதி அனுப்பலாமா என்று கேட்டேன். “அனுப்பு. வாட்ஸ்அப்பு எதுக்கு இருக்கு” என்றவர், “இந்த ஊர்ல யாரு யாரத் திட்டுறாங்கன்னு அங்கன ஒக்காந்து ஒனக்கு எப்படித் தெரியும்? சரி, அத நான் போன் போட்டுச் சொல்றேன். என்னையத் திட்டுறத மட்டும் சொல்ல மாட்டேன்” என்றார்.

கடிதம் எழுத நாலு நாளானது. எழுதியதெல்லாம் ‘ஆம் எனில்’ என்று போய் முட்டியது. ஒன்றில் (ஆ) வரை வந்துவிட்டேன். கிழித்துப் போட்டேன். கடைசியில் ஒரே வரி. நான் அங்கே வந்து உன்னோடு இருக்கலாமா? தலைமைத் தபால் நிலையத்தில் நானே கொண்டுபோய்ப் போட்டேன். போட்டுவிட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.

கடிதம் போய்ச் சேர்ந்து ஒன்பது நாள். தினமும் ஏழு மணிக்குப் பேசுகிறோம். அங்கே மழை, கேரட் மூட்டை ஏற்றிய லாரி வளைவில் சாய்ந்தது, சூப்பிரண்டு மேடத்துக்கு முழங்கால் வலி. கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. பதில் அவளுடையது. பதினோரு வருடமாகக் காத்திருந்ததாக எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவன் நான். காத்திருப்பது என்றால் என்னவென்று இந்த ஒன்பது நாளில்தான் தெரிகிறது.

நேற்றுப் பேசி முடித்து வைக்கப் போகும்போது, “இங்கன அலமாரி ஒண்ணுதான்” என்றாள். “நீங்க எத்தன புஸ்தகம் கொண்டு வருவீக?”

“ஒரு நாப்பது” என்றேன்.

“பத்து” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

காலையிலிருந்து புத்தகங்களைத் தரையில் பரப்பிவைத்து உட்கார்ந்திருக்கிறேன். குறைத்துக் குறைத்துப் பன்னிரண்டு வரை வந்துவிட்டேன்.