ஜெயாவின் கண்கள் சிவக்கவில்லை

பூங்காவனத்துக்கு ஓரிடத்தில் உட்காரவே தெரியாது. மலாயா விடுதலை பெற்ற மெர்டேக்கா ஆண்டில், மலாக்காவின் ஜாசின் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பிறந்தவள். தவழ்ந்ததைவிட ஓடியதுதான் அதிகம் என்பார்கள். அப்படிப்பட்டவளுக்கு இருபத்தொரு வயதில் வாய்த்ததோ, நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்து உட்காரும் வேலை. பத்து பெரெண்டாம் என்ற ஊரில் இருந்த சில்லு ஃபேக்டரியில், நகத்தளவு சில்லுக்கு முடியைவிட மெல்லிய தங்கக் கம்பி கட்ட வேண்டும்.

சாலைக்கு எதிர்ப்புறம் இன்னொரு கம்பெனி. இரண்டும் வெளிநாட்டுக்காரர்களுடையவை. இரண்டும் கம்ப்யூட்டருக்கு மூளையாகும் சில்லைச் செய்தன. யாருடைய சில்லு விநாடிக்கு எத்தனை லட்சம் தடவை துடிக்கிறது என்று ஓயாத போட்டி. இவர்கள் இருபது லட்சம் என்றால் அவர்கள் இருபத்தைந்து என்பார்கள். வேகம் சில்லுக்கு, விரட்டு மட்டும் பெண்பிள்ளைகளுக்கு. பூங்காவனத்துக்கு எரிச்சலே அதில்தான்.

எதிர்க் கம்பெனியில் அதே வேலை பார்த்தவள் ஜெயா. காஜா பேராங் பகுதியில், மலாய் பேசும் மலாக்கா செட்டிக் குடும்பம் ஒன்றின் வீட்டுப் பின்னறையில் இருவரும் சேர்ந்து குடியிருந்தார்கள். ஒரே சட்டியில் குழம்பு, ஒரே கண்ணாடியில் தலைசீவல். ஃபேக்டரி பேச்சு மட்டும் கிடையாது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று இரண்டு கம்பெனிகளுமே மிரட்டி வைத்திருந்தன.

ஒருநாள் சூப்பர்வைசர் மருதமுத்து பூங்காவனத்தைத் தனியே அழைத்தார். கம்பியைத் தானே கட்டும் மிசின் ஒன்று வந்திருக்கிறதாம். பத்துப் பேர் வேலையை அது ஒன்றே பார்த்துவிடுமாம். எதிர்க் கம்பெனி வாங்கிவிட்டதா என்று ஜெயாவிடம் தெரிந்துகொண்டு வரச் சொன்னார். அவர்கள் வாங்கியிருந்தால் இவர்களும் உடனே வாங்குவார்கள். இல்லாவிட்டால் ஒரு வருஷம் பொறுப்பார்கள்.

மிசின் வந்தால் தன் நாற்காலி காலி என்பது பூங்காவனத்துக்கு விளங்காமல் இல்லை. அன்று முதல் சோறு இறங்கவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடந்தாள். எறும்பு கடிக்கிறதா என்று வீட்டுக்காரம்மா மலாயில் கேட்டுச் சிரித்தார்.

கம்பி கட்டும் பெண்கள் வீடு திரும்பும்போது கண் கோவைப்பழமாய்ச் சிவந்திருக்கும். ஈரத்துணியால் ஒற்றினால்தான் எரிச்சல் அடங்கும். கொஞ்ச நாளாய் ஜெயா துணியை நனைக்கவே இல்லை. கண் பளிச்சென்று இருந்தது. அதைக் கவனித்ததும் பூங்காவனம் முடிவே கட்டிவிட்டாள். மிசின் வந்துவிட்டது, ஜெயா பொத்தானை அழுத்திக்கொண்டு சொகுசாய் நிற்கிறாள்! நினைக்க நினைக்கப் பயம் போய்க் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவள் நாக்கு நிற்காது.

"மிசின் வந்திருச்சிதானே? ஒனக்கென்னடி, கண்ணு நோவாத வேல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா?"

ஜெயா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வந்திருச்சி. ஒன்னே ஒன்னு, பாத்துப் பழகுறதுக்கு. அதுக்கே எங்க ஆறு பேர நிப்பாட்டிட்டாங்க. வெளிய சொன்னா திருப்பி எடுக்க மாட்டாங்களாம். நான் வேலைக்கே போகலடி."

பூங்காவனத்தின் பஸ் முதலில் வரும். அது போனதும் ஜெயா யூனிபார்மோடு கிளம்பி, பண்டா ஹிலிர் கடற்கரைத் திடலில் பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். வீட்டுக்காரம்மாவுக்கு விஷயம் தெரிந்தால் அப்பா காதுக்கு எட்டிவிடும், அவர் வந்து தங்கள் எஸ்டேட்டுக்கே கூட்டிப் போய்விடுவார் என்ற பயம். பூங்காவனம் தன் அவசர புத்தியை நொந்துகொண்டாள். அரிசிச் சட்டியை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனவள், வெகுநேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் மருதமுத்து விசாரித்தாயா என்று கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் வரிசையாய்க் குனிந்திருந்த பெண்களைப் பூங்காவனம் ஒருமுறை பார்த்தாள்.

"கையாலதான் கட்டுறாங்கண்ணே. மிசின் ஒன்னும் வரல."

 நம்பினாரோ இல்லையோ, அவர் மேலிடத்தில் அதையே சொன்னார். அந்த வரிசைக்கு ஒரு வருஷம் கிடைத்தது. அதே நேரத்தில் ஜெயா யூனிபார்மை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.